கம்பி விட்ட வீடு

தமிழில் கம்பிக்கு நல்ல பெயர் கிடையாது. கடன் வாங்கியவன் ஓடிப்போனால் கம்பி நீட்டிவிட்டான் என்கிறோம். பிடிபட்டு உள்ளே போனால் கம்பி எண்ணுகிறான் என்கிறோம். நம்ப முடியாத கதையை ஒருவன் கூச்சமில்லாமல் அவிழ்த்துவிட்டால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'கம்பி கட்டுற கதை சொல்லாத' என்கிறார்கள். கொஞ்சம் கௌரவமாக இருப்பது கம்பி மத்தாப்பு ஒன்றுதான். அதுவும் அரை நிமிடத்தில் அணைந்துவிடும். இப்படிப்பட்ட கம்பியை நம்பித்தான் நானும் என் கணவரும் எங்கள் வயதான காலத்தை விட்டுவைத்திருந்தோம்.

எங்கள் வீடு பெருங்களத்தூரில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் லோன் போட்டுக் கட்டினோம். தரைத்தளம் மட்டும். ஒரு ஹால், இரண்டு அறை, சமையலறை. அதற்கே மூச்சு முட்டிவிட்டது. கட்டி முடித்து மொட்டை மாடியில் நின்றபோது ஒவ்வொரு தூணின் தலையிலும் கொத்துக் கொத்தாகக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. வேலையைச் சரியாக முடிக்காமல் போகிறாரோ என்று நினைத்து மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனேன்.

"வேணும்னுதாம்மா வுட்டுகிறேன்" என்றார் அவர். "நாளைக்கு மேல எடுக்கணும்னா கம்பி வேணும்ல?"

மேலே எடுப்பது என்றால் மாடி கட்டுவது. எங்கள் பகுதியில் பாதி வீடுகள் இப்படித்தான் கம்பி விட்டுக்கொண்டு நிற்கும். மனிதர்கள் கீழே வாழ்வார்கள். அவர்களுடைய எதிர்காலம் மாடியில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

என் கணவருக்கு அந்தக் கம்பியைப் பார்த்த நாளே கணக்கு பிடிபட்டுவிட்டது. "டீச்சர், மாடி கட்டி வாடகைக்கு விடுறோம். அந்த வாடகைதான் நம்ம பென்ஷன்" என்றார். நான் ஆசிரியை என்பதால் கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்த 'டீச்சர்' அது. கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. அவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். இரண்டுமே தனியார். பி.எஃப். பென்ஷன் என்று ஒன்று வரும்தான். அது கேஸ் சிலிண்டருக்கும் கரண்ட் பில்லுக்கும் சரியாகப் போகும். மீதி மாதத்துக்கு ஆண்டவர்தான் பொறுப்பு. அதனால் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் தினமும் ஒரு வரி நிலையாக இருந்தது. உலக சமாதானம், வியாதியஸ்தர்கள், மகனுடைய படிப்பு எல்லாம் முடிந்த பிறகு, "மாடி வேலையையும் ஆசீர்வதியும்" என்பார். நான் ஆமென் சொல்லுவேன்.

ஜெபத்தோடு நிற்கவில்லை. சேர்த்தோம். அதற்கு வீட்டில் மாடிப் பணம் என்று பெயர். மாடிப் பணத்தைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பத்துக் கட்டளைகளில் பதினோராவது. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு ராசி. மாடிக்குப் போதும் என்கிற அளவுக்கு வரும்போது வீட்டுக்கு ஏதாவது வந்துவிடும். முதலில் மகனுடைய இன்ஜினியரிங் சீட் வந்தது. அப்புறம் வெள்ளம் வந்தது. முடிச்சூர்ப் பக்கம் ஏரித் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்த அந்த மழையில், ஹாலில் முட்டிக்கு மேல் தண்ணீர். பீரோ, ஃபிரிட்ஜ், கட்டில், கதவு எல்லாம் போயிற்று. நாங்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மொட்டை மாடியில் அந்தக் கம்பிகளில் தார்பாய் கட்டி, அதன் கீழே உட்கார்ந்திருந்தோம். "பாத்தியா, கம்பி விட்டதுக்குப் பிரயோஜனம்" என்றார் இவர். தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது பெருமை பேசுகிற மனுஷனை என்ன செய்வது? தண்ணீர் வடிந்ததும் மாடிப் பணமெல்லாம் கீழ்த்தளத்துக்கே செலவாயிற்று.

ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் இவர் ஒரு சடங்கு செய்வார். கம்பி துருப்பிடிக்காமலிருக்க சிமென்ட்டைத் தண்ணீராகக் கரைத்து, அதைச் சிமென்ட் பால் என்பார்கள், பிரஷ்ஷால் ஒவ்வொரு கம்பிக்கும் பூசுவார். நுனியில் காலி தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்ப்பார். "பாலாபிஷேகம் ஆரம்பிச்சாச்சா?" என்று நான் கீழேயிருந்து கேட்பேன். "சர்ச்சுக்குப் போற வாயா இது?" என்று மேலேயிருந்து பதில் வரும். கம்பிகளுக்கு வேறு வேலையும் இருந்தது. இரண்டு தூண்களுக்கு நடுவே துணி காயப் போடும் கொடி. மாடிப்படிக்குப் பக்கத்து மூலைத் தூணின் கம்பியில் கிறிஸ்துமஸ் ஸ்டார். சின்ன வயதில் மகன்தான் ஏறிக் கட்டுவான். அவன் வெளியூர் போன பிறகும் அவன் வந்து கட்டட்டும் என்று ஸ்டாரை அட்டைப்பெட்டியோடு வைத்திருப்போம்.

எங்களுக்குப் பிறகு வீடு கட்டிய பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்கு முன்னால் மாடி எடுத்துவிட்டார். தெருவே பெருமூச்சு விட்டது. இப்போது அந்த அக்காவுக்கு முட்டி வலி. படி ஏற முடியாது. மாதம் பிறந்து ஒரு வாரம் ஆனதும் தெருவில் இறங்கி நின்று, மேலே பார்த்து, "தம்பி, வாடகை!" என்று கூப்பிடுவார். மேலேயிருந்து "ஆபீஸ்ல இன்னும் சம்பளம் போடலக்கா!" என்று பதில் வரும். அடுத்த நாள் அந்தத் தம்பியே இறங்கி வந்து, "மோட்டார் ஓடலக்கா, தண்ணி வரல" என்பான். ரிப்பேருக்கு அக்காதான் ஆள் தேடுவார். இதுதான் பென்ஷன் என்றால் சம்பளமே தேவலை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான்.

மகன் படித்து முடித்து அப்பா வழியிலேயே கார் கம்பெனியில் சேர்ந்தான். புனேயில் போட்டார்கள். "ரெண்டு வருஷத்துல இங்கயே மாத்திட்டு வந்துடுவேன்" என்றான். வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போனான். ஒருநாள் போனில், "டாடி, இங்க ஒரு ஃப்ளாட் புக் பண்ணிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னான். ஸ்பீக்கரில்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். இவர் "காட் பிளஸ் யூப்பா" என்றார். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனார். மழை முடியவில்லை, சடங்குக்கு நாளும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு எல்லாக் கம்பிக்கும் சிமென்ட் பால் பூசிவிட்டுத்தான் இறங்கி வந்தார். எனக்கு அன்று அது புரியவில்லை.

இவர் முதலில் ரிடயர் ஆனார். வந்த பணத்தைத் தொடாமல் பேங்கில் வைத்தோம். அப்புறம் நான். பள்ளிக்கூடத்தில் சால்வை போட்டார்கள், என்னைப் பற்றி நான் கேள்விப்படாத நல்ல விஷயங்களையெல்லாம் மேடையில் சொன்னார்கள். எனக்கு அவற்றைவிடப் பெரிய சந்தோஷம் தொண்டைக்கு லீவு கிடைத்ததுதான். முப்பது வருடமாகக் கத்திக் கத்தி என் குரல் கிழிந்த பறை மாதிரி ஆகியிருந்தது. டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: பேச்சைக் குறைக்காவிட்டால் இருக்கிற குரலும் போய்விடும். ரிடயர் ஆன கணக்கு டீச்சர்கள் எல்லாரும் வீட்டில் டியூஷன் எடுப்பார்கள். எனக்கு அது வேண்டாம். காலையில் எழுந்து யாரிடமும் எதையும் விளக்காமல் காபி குடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஆனால் நடந்தது வேறு. "மாடி கட்டி முடிச்சு வாடகை வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கைச்செலவுக்கு டியூஷன் எடு டீச்சர். ஒரே வருஷம்" என்றார். சரி என்றேன். ஹாலில் பாய் விரித்து, தெருப் பிள்ளைகளுக்கு மறுபடியும் அதே எட்டாம் வகுப்புக் கணக்கு. சாயங்காலம் முடியும்போது என் குரல் எனக்கே கேட்காது. சைகையில்தான் இவரிடம் டீ கேட்பேன். அதற்கு மேல், அந்த வருட மழையில் ஹால் சீலிங்கில் ஈரம் தெரிந்தது. கம்பி வழியாகத் தூணுக்குள் தண்ணீர் இறங்குகிறது. ஒன்று மேலே கட்ட வேண்டும், இல்லையென்றால் கம்பியை வெட்டித் தூணின் தலையை மூட வேண்டும். இனிமேல் தள்ளிப்போட முடியாது.

மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அதே மேஸ்திரிதான். தலை நரைத்திருந்தது, வாய் நரைக்கவில்லை. கம்பியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், இவ்ளோ வருசம் கயிச்சு கூப்டுறீங்க? கம்பி இரும்பு மாரி கீது!"

"இரும்புதானேய்யா?" என்றேன்.

"அத்தாம்மா சொல்றேன். ஒரு மாடி இன்னா, ரெண்டு மாடி தாங்கும். பொங்கலுக்கு அப்புறம் ஆரம்பிச்சுடலாம்."

தொகையைச் சொன்னார். இவருடைய பணம், என்னுடைய பணம், இரண்டையும் சேர்த்தால் சரியாக இருந்தது. சரியாக என்றால், அதற்குப் பிறகு ஒரு நல்ல குடை வாங்கக்கூட மிச்சம் இருக்காது. இவர் முகம் விளக்குப் போட்டது போல இருந்தது. "எல்லாம் கூடி வந்துடுச்சு பாத்தியா? ஆண்டவர் கணக்கு தப்பாது" என்றார்.

ஆண்டவர் கணக்கு தப்பாதுதான். ஆனால் அவர் எனக்கும் கொஞ்சம் கணக்கு சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார். தனி வட்டி, கூட்டு வட்டி என்று வருடா வருடம் போர்டில் எழுதிப் போட்டவள் நான். ஊருக்குத்தான் உபதேசம், எங்கள் வீட்டுப் பணத்தை ஒருநாளும் அந்தப் போர்டில் ஏற்றியதில்லை. மேஸ்திரி போன பிறகு, கைப்பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். இவரையும் கூப்பிட்டேன். கைப்பிடிச் சுவரில் மேஸ்திரி சொன்ன தொகையை எழுதினேன். அதன் கீழே எங்கள் தெருவில் இன்றைக்குக் கிடைக்கிற வாடகையை எழுதினேன். வீடு காலியாகக் கிடக்கும் மாதம், வெள்ளையடிப்பு, மோட்டார், வரி எல்லாவற்றையும் கழித்தேன். பக்கத்தில் அதே பணத்தைத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் டெபாசிட்டாகப் போட்டால் வருகிற வட்டியை எழுதினேன்.

"எது பெருசு?" என்றேன். எட்டாம் வகுப்பில் கேட்கிற மாதிரியேதான் கேட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வட்டிதான் கொஞ்சம் பெரியது. அது மட்டுமில்லை, நாளைக்கு உடம்புக்கு ஒன்று என்றால் டெபாசிட்டை உடைக்கலாம். மாடியில் ஒரு ஜன்னலை மட்டும் பெயர்த்து ஆஸ்பத்திரியில் கட்ட முடியாது. "இந்தப் பணம் செங்கல்லா மாறிட்டா, நான் சாகுற வரைக்கும் அந்தப் பாயில உக்காந்து கத்தணும். இல்லைன்னா புள்ளைகிட்டக் கை நீட்டணும். ரெண்டுமே எனக்கு வேணாம்" என்றேன். கடைசி வார்த்தை வரும்போது குரல் போய்விட்டது. காற்றுதான் வந்தது.

அவர் பக்கத்துத் தூணின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "வாடகைக்கு விடப் போறேன்னு யாரு சொன்னா?"

எனக்குப் புரியவில்லை.

"அவன் வந்தா எங்க இருப்பான்? பொண்டாட்டியோட வருவான், நாளைக்குப் புள்ளை குட்டி ஆகும். கீழ ரெண்டு ரூம்ல எப்படி? மேல தனியா ஒரு வீடு இருந்தா வந்துடுவான் டீச்சர். இடம் இல்லாமதான் அவன் அங்க வாங்கிட்டான்."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை வருடம் பென்ஷன், பென்ஷன் என்று சொன்னதெல்லாம் கம்பி கட்டின கதை! நான் நகை வாங்காமல், ஒரு சுற்றுலா போகாமல், வஞ்சிரம் விற்கிற பக்கமே திரும்பாமல் மத்தி வாங்கிச் சேர்த்த பணம் எங்கள் சாப்பாட்டுக்கு இல்லையாம். மகனைப் பிடித்து வைக்கிற கூண்டுக்காம். "ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லி ஜெபம் பண்ணிருக்கீங்க" என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ, நன்றாகவே வந்தது. "மாடி வேலைன்னுதானே சொன்னேன். வாடகைன்னு அவர்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார். அதற்குமேல் அந்த மனுஷனிடம் பேச முடியாது என்று இறங்கி வந்துவிட்டேன். பல நாள் பேச்சில்லை. ஜெபம் மட்டும் நடந்தது. மாடி வரி வரும்போது நான் ஆமென் சொல்லவில்லை.

டிசம்பரில் மகனும் மருமகளும் வந்தார்கள். பண்டிகைக் கூட்டத்தில் பெருங்களத்தூர் சிக்னலைத் தாண்டவே அவர்களுக்கு ஒரு யுகம் ஆகியிருந்தது. வந்து, குளித்து, சாப்பிட்டு, அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனான். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார், நானும் ஏறி வந்து பக்கத்தில் நின்றேன். அவன் மூலைக் கம்பியில் ஸ்டாரைக் கட்டும்போது கைப்பிடிச் சுவரைப் பார்த்துவிட்டான். என் சாக்பீஸ் கணக்கு சாரலில் பாதி அழிந்து அப்படியே இருந்தது.

"என்ன மா இது? மாடியிலயும் கிளாஸா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் ஏன் மூடி மறைக்க வேண்டும்? எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரி, தொகை, வட்டி, அப்பா யாருக்காக மாடி கட்டப் பார்க்கிறார் என்பது வரை. "நீயே சொல்லு. கட்டினா வருவியா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். இவருக்கு என்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பதிலைக் கேட்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. ஏணியை விடாமல் நின்றார்.

மகன் இறங்கவில்லை. அங்கேயே நின்றபடி ஸ்டார் நூலில் இன்னொரு முடிச்சுப் போட்டான்.

"டாடி, வரமாட்டேன்னு நான் சொல்லல. எப்ப வருவேன்னு எனக்கே தெரியல. வேலை எங்க இருக்கோ அங்க ஓடிட்டிருக்கேன். ஆனா எனக்காக ஒரு வீட்டக் கட்டிட்டு, மா கீழ தொண்டை கிழிய டியூஷன் எடுத்துட்டிருந்தா, மேல எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

இவர் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"வந்தா ஹால்ல படுத்துக்குறேன் டாடி. இப்ப எங்க படுக்குறேன்? நீங்க ரெண்டு பேரும் யார்கிட்டயும் கேக்காம நல்லா இருந்தீங்கன்னா, அதுவே எனக்கு நீங்க கட்டிக் கொடுத்த மாடி."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இப்படியெல்லாம் பேச யார் கற்றுக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மருமகள் கீழேயிருந்து, "ஸ்டார் எரியுதா?" என்று கேட்டாள். ஸ்விட்சைப் போட்டோம். எரிந்தது.

அவர்கள் ஊருக்குப் போன அன்று இவரே திரிசூலம் வரைக்கும் டிரெயினில் போய் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தார். அன்று சாயங்கால ஜெபம். உலக சமாதானம் ஆயிற்று, வியாதியஸ்தர்கள் ஆயிற்று, மகன் மருமகள் ஆயிற்று. நான் காத்துக்கொண்டிருந்தேன். மாடி வரவில்லை. நேராக "இயேசுவின் நாமத்தில்" என்று முடித்துவிட்டார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் திறக்கவில்லை. அன்றைக்கு நான் சொன்ன ஆமென் கொஞ்சம் சத்தமாகவே இருந்திருக்கும்.

ஜனவரியில் தாம்பரம் தபால் ஆபீஸில் போய்ப் பணத்தைப் போட்டோம். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னிடம் படித்தவள். "மிஸ், கூட்டு வட்டி கணக்குக்கு நீங்க குடுத்த குட்டு இன்னும் வலிக்குது" என்றாள். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். "முதல் வட்டி வரட்டும், அப்புறம் கம்பியை வெட்டுறதப் பத்திப் பேசலாம்" என்றார் இவர். அரை மனசு. இலவு காத்த கிளி சீக்கிரம் கிளையை விடாது. நானும் அவசரப்படுத்தவில்லை.

ஏப்ரலில் வட்டி வந்தது. போனில் டிங் என்று சத்தம். யாரையும் தெருவிலிருந்து கூப்பிட வேண்டியிருக்கவில்லை, யாருடைய மோட்டாரும் ஓடாமல் போகவில்லை. அன்றைக்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் விலை கேட்காமல் வஞ்சிரம் வாங்கினேன். வாங்கின பிறகு கேட்டேன், அது வேறு விஷயம். பரீட்சை முடிந்து, டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் அடுத்த வருடத்துக்குப் பேச வந்தார்கள். "இல்லம்மா, நான் ரிடயர் ஆயிட்டேன்" என்றேன். ஒருத்தி நம்பாமல், "அதான் போன வருஷமே ஆயிட்டீங்களே, மிஸ்?" என்றாள். "இல்ல, இப்பதான்" என்றேன். சொல்லும்போதே உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மறுநாள் காலை காபியோடு வாசலில் உட்கார்ந்து, பள்ளிக்கூட வேன்கள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹாலில் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மேஸ்திரிக்கு போன் போட்டேன். சனிக்கிழமை வராராம்" என்றார். அவராகவே சொன்னார். துணிக் கொடிக்காகக் கைப்பிடிச் சுவரில் இரண்டு பக்கமும் பெரிய கொக்கி அடித்து, கயிற்றையும் மாற்றிக் கட்டினார். எதையும் செய்தால் ஒழுங்காகச் செய்கிற ஆள்.

மேஸ்திரிக்குத்தான் தாங்கவில்லை. "இன்னா சார் இது பேஜாரு! கட்டுறதுக்குக் கூப்டுவீங்கன்னு பாத்தா வெட்டுறதுக்குக் கூப்டுறீங்க. நல்லாக்கீற கம்பி சார்." புலம்பிக்கொண்டே கட்டர் மிஷினைப் போட்டார். பொறி பறந்தது, கம்பி மத்தாப்பு மாதிரியே. ஒவ்வொரு தூணாக வெட்டி, தலையைக் கலவையால் மூடிக்கொண்டு வந்தார். இவர் வெட்டின கம்பிகளைச் சுவரோரமாக அடுக்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் என்னவோ போல இருந்தது. நான் கேட்டது நடக்கிறது, என் கணக்கு ஜெயித்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டும், சந்தோஷமாகவும்தான் இருந்தது. ஆனால் மொட்டை மாடி இவ்வளவு மொட்டையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கடைசியாக மாடிப்படிப் பக்கத்து மூலைத் தூணுக்கு மேஸ்திரி போனார். ஸ்டார் கட்டின நூல் இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மிஷினை வைக்கப் போனவரைப் பார்த்து, "அது இருக்கட்டும்" என்றேன்.

"இன்னாம்மா?"

"அத வெட்ட வேணாம். அடியில மட்டும் தண்ணி இறங்காம கலவை பூசிடுங்க. இருக்கட்டும்."

"இத்த மட்டும் எதுக்கும்மா வுடுறது?"

எதற்கு? எனக்கே தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "துணி காயப் போட. கொடி கட்டணும்."

இவர் கம்பி அடுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தான் அடித்த புதுக் கொக்கியைப் பார்த்தார். அதில் இழுத்துக் கட்டிய புதுக் கயிற்றைப் பார்த்தார். அதில் காலையில் நானே போட்ட துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கம்பி கட்டுற கதை சொல்லாத, டீச்சர்" என்றார்.

சிரித்தேன். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் எதுவும் கேட்காமல் மேஸ்திரியை டீ குடிக்கக் கீழே அனுப்பினார். மிச்சமிருந்த சிமென்ட்டை ஒரு பழைய டப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தார், படிக்கட்டுக்குப் பின்னாலிருந்து பிரஷ்ஷை எடுத்துத் தட்டினார். குனிந்து தோய்க்கப் போனவரிடமிருந்து அதை நான் வாங்கிக்கொண்டேன். அந்த மூலைக் கம்பிகளுக்கு, நுனியிலிருந்து அடி வரை, நானே பால் பூசினேன்.